ரேஷன் கடை: வரிசையில் நின்ற எண்பது ஆண்டுகள்

தமிழ்நாட்டில் இன்று 34,000-க்கு மேற்பட்ட நியாய விலைக் கடைகள் இயங்குகின்றன. அவற்றில் பதிவான குடும்ப அட்டைகள் 2 கோடியே 20 லட்சத்தைத் தாண்டும். அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். பிற மாநிலங்கள் பலவற்றில் ரேஷன் கடை ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடமாகச் சுருங்கிவிட்டது. இங்கேயோ கூலித் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற எழுத்தரும் ஒரே கடையில், ஒரே வரிசையில் பெயர் பதிந்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒரு போரில் தொடங்கி, இடையில் இரண்டு முறை கைவிடப்பட்டு, தேர்தலுக்குத் தேர்தல் உருமாறி வந்தது இது. இதைக் குறுக்க நினைத்த அரசுகள் வாக்குப்பெட்டிக்கு முன்னால் பின்வாங்கியதே இதன் வரலாற்றின் பெரும்பகுதி.

அந்தப் போருக்கு முந்தைய நூற்றாண்டுகளில் பஞ்சம் வந்தால் அரசின் பதில் கஞ்சித் தொட்டியாகவே இருந்தது. சென்னையில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையொட்டி எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையின் பழைய தலைமுறை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். மாகாண அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றபோது, அது வணிகத்தில் தலையிடுவதாகும் என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு கண்டித்தது. நிவாரண வேலைகளில் கூலியைக் குறைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், மண் வெட்டும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கணக்கிட்டார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்தக் கணக்கை எழுத்தில் எதிர்த்தார். சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அரிசியின் விலையைத் தீர்மானிப்பது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் அன்றைய ஆட்சியாளர் யாருக்கும் இருக்கவில்லை. 1880-களில் எழுதப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகளும் வேலை கொடுத்துக் கூலி தருவதைப் பற்றியே பேசின, சந்தையைத் தொடவில்லை.

சந்தையை ஒதுக்கிவைத்துப் பண்டம் விற்கும் முயற்சியை முதலில் தொடங்கியவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தார். 1904-இல் திருவல்லிக்கேணியில் ஒரு நகரக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. டி.யு.சி.எஸ். என்று இன்றும் அறியப்படும் அச்சங்கம் இந்தியாவின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவு அமைப்பாகக் கருதப்படுகிறது. அரசு அலுவலர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் பங்கு போட்டு, கலப்படமில்லாத பண்டத்தைச் சரியான எடையில் வாங்குவதற்கு வழி தேடினார்கள். பங்கு போட வசதியில்லாதவர்களின் கதை வேறு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் கப்பல் பற்றாக்குறையால் பர்மா அரிசியின் வரத்து குறைந்து விலை ஏறியபோது, 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. கொள்ளை மாகாணத்தின் வேறு பல ஊர்களுக்கும் பரவியது. அரசு துப்பாக்கியைப் பயன்படுத்தியது; கொஞ்ச காலத்துக்கு விலையைக் கட்டுப்படுத்திப் பார்த்தது. மழை பெய்து விலை இறங்கியதும் எல்லாம் பழையபடி ஆயிற்று.

பர்மா என்ற பெயர் இங்கே முக்கியமானது. தஞ்சைக் கழனிகளைப் பற்றிய பெருமைப் பேச்சு எவ்வளவு இருந்தாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் தன் தேவைக்குத் தானே அரிசி விளைவித்த பகுதி அல்ல. பற்றாக்குறையை பர்மாவின் ஐராவதிச் சமவெளி நிரப்பியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வரத்து ஒரே அடியில் நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்தது. கல்கத்தாவின் தெருக்களில் மனிதர்கள் விழுந்து இறந்த படங்கள் செய்தித்தாள்களில் வெளியாயின. உணவு தானியக் கொள்கைக் குழு 1943-இல் பெருநகரங்களில் ரேஷன் முறையைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டே சென்னையில் ரேஷன் நடைமுறைக்கு வந்தது. போர்க்காலத் தொழிற்சாலையும் துறைமுகமும் ரயிலும் ஓட வேண்டும். அவற்றில் வேலை செய்பவர்கள் பட்டினியில் கலகம் செய்துவிடக் கூடாது. ரேஷனின் முதல் நோக்கம் இதுதான். கிராமத்து ஏழையின் பசி அந்தக் கணக்கில் வெகு காலம் கழித்தே இடம்பெற்றது.

வீடு வீடாக ஆள் எண்ணி அட்டை கொடுத்தார்கள். பெரியவருக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று அவுன்ஸ் கணக்கில் அளவு நிர்ணயமானது. மழை பொய்த்த 1946-இல் நாடெங்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் தானியம் என்று அளவு இறங்கியது. அதிலும் ஒரு பகுதி அரிசியாக இராமல் கோதுமையாகவோ சோளமாகவோ வரும். கோதுமையை என்ன செய்வது என்று தெரியாத தமிழ் வீடுகள் அதை உடைத்து உப்புமா கிண்டவும், மாவாக்கித் தோசைக்குக் கலக்கவும் கற்றுக்கொண்டன. அரிசிச் சாப்பாட்டுக்கு இடையில் சப்பாத்தி நுழைந்ததில் ரேஷனுக்குப் பங்கு உண்டு. சமையல் வரலாற்றை எழுதுபவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. மறுபுறம் மிராசுதார்களிடமிருந்து நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்ய அதிகாரிகள் களத்துக்கே போனார்கள். பத்தாயத்தில் எவ்வளவு இருக்கிறது, விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் எவ்வளவு விடலாம் என்பதில் தாசில்தாருக்கும் மிராசுதாருக்கும் ஓயாத வழக்கு நடந்தது. மாவட்ட எல்லைகளில் மூட்டைகளைச் சோதிக்கும் சாவடிகள் முளைத்தன. கருப்புச் சந்தை அன்றாடப் பேச்சில் ஏறிய காலம் அது.

கட்டுப்பாடுகளை நீக்க வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார். 1947 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்ந்தது. விலை பாய்ந்து ஏறவே 1948-இன் பிற்பகுதியில் மீண்டும் இறுகியது. சுதந்திரம் வந்த பிறகும் வரிசை கலையவில்லை என்ற சலிப்பு 1952 தேர்தலில் காங்கிரசுக்கு எதிராக வேலை செய்தது. சென்னை மாகாணத்தில் அக்கட்சி பெரும்பான்மை பெறவில்லை. அந்த நெருக்கடியில் முதலமைச்சரான ராஜாஜி, பதவியேற்ற இரண்டு மாதங்களுக்குள், 1952 ஜூனில், உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பதுக்கி வைத்திருந்த அரிசி வெளியே வந்தது. அஞ்சியபடி விலை எகிறவில்லை. ராஜாஜியின் பொதுவாழ்வில் எதிரிகளும் பாராட்டிய முடிவுகளில் இது ஒன்று. அவர் கணக்கு சரியானதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சலும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏறத்தாழ பத்தாண்டுகள் ரேஷன் பின்னணிக்குப் போனது. 1957-இல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் நான்கையும் இணைத்துத் தென்மண்டலம் ஒன்றை மத்திய அரசு அமைத்தது. மண்டலத்துக்குள் அரிசி தடையின்றிப் போகலாம் என்பது விதி. ஆந்திர அரிசி சென்னைக்கும், தஞ்சை அரிசி கேரளத்துக்கும் போயின. 1964-இல் ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாக்கப்பட்டது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு வாழ்ந்த ஆண்டுகள் அவை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கலன்று, தொடங்கப்பட்டது. அதன் தலைமை அலுவலகம் முதலில் சென்னையிலும், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் இருந்தன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பருவமழை தவறியது. சென்னையிலும் கோவையிலும் ரேஷன் மீண்டும் வந்தது. முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை ஒடுக்கிய விதத்தால் மாணவர்களை இழந்திருந்தது. அரிசிக்காக வரிசையில் நின்ற பெண்களையும் இழந்தது. அக்காலத் தேர்தல் வரலாற்றை எழுதியவர்கள் முதல் காரணத்துக்கு அதிகப் பக்கங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அடுப்படியில் பிறந்த கோபமும் அதற்குக் குறையாமல் கனன்றது.

தி.மு.க. அந்தக் கோபத்துக்கு ஒரு அளவு கொடுத்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது 1967 தேர்தல் மேடைகளில் ஒலித்த முழக்கம். கிலோ சட்டமாகி ஆண்டுகள் ஆகியிருந்தும் மேடைக்குப் படிதான் தேவைப்பட்டது. உலை வைப்பவர் கையில் இருந்த அளவு அதுதான். 234 இடங்களில் 137-ஐ வென்று அண்ணாதுரை மார்ச்சில் முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி முதலில் சென்னையிலும் கோவையிலும் விற்பனைக்கு வந்தது. மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்கக் கருவூலத்தில் பணமில்லை. சில ஆண்டுகளில் திட்டம் ஓசையின்றி நின்றுபோனது. கணக்குப்படி பார்த்தால் தோல்வி என்றே எழுத வேண்டும். ஆனால் அரிசியின் விலைக்கு முதலமைச்சர் நேரடியாகப் பொறுப்பு என்ற நினைப்பு அந்தத் தேர்தலில்தான் தமிழ்நாட்டு அரசியலில் வேர்விட்டது. பின்னால் வந்த எந்த அரசாலும் அதிலிருந்து கழன்றுகொள்ள முடியவில்லை.

நகரத்தில் படி அரிசி விற்ற அதே காலத்தில், அந்த அரிசியை விளைவித்த கீழத்தஞ்சையில் படிக்கு வேறு பொருள் இருந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் மிராசுதார்களுக்கும் இடையே முற்றிய மோதல், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதில் போய் முடிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். ரேஷன் வரலாற்றில் இந்த நிகழ்வைச் சேர்ப்பது வழக்கமில்லை. ஆயினும் அன்றைக்கு மலிவு அரிசி நகரத்து வாக்காளருக்குக் கிடைத்த சலுகையாக மட்டுமே இருந்தது என்பதையும், நாற்றுநட்டுக் களையெடுத்தவர் வீட்டு வாசலுக்கு அந்தக் கடை வந்து சேர்ந்திருக்கவில்லை என்பதையும் இது காட்டுகிறது.

வாசலுக்குக் கொண்டுபோன வேலை 1970-களில் நடந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. நெல் வாங்குவது, அரைப்பது, சேமிப்பது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. கிராமக் கடைகளை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் போனது. வட இந்தியாவின் பல மாநிலங்களில் ரேஷன் கடை உரிமம் பெற்ற தனியாரின் தொழில். அவர் லாபம் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மூட்டையை வெளியில் விற்க வேண்டும். தமிழ்நாட்டில் கடைக்காரர் சம்பளம் வாங்கும் சங்க ஊழியர். அவரும் மூட்டையை வெளியில் விற்பதுண்டு என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் கடையை மூடிவிட்டுப் போகும் உரிமை அவருக்கு இல்லை. கடை திறக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் ஊருக்குத் தெரியும். இந்த ஒரு வேறுபாடு பின்னாளில் பெரிய பலன் தந்தது.

நெல்லின் பயணம் டெல்டாவில் தொடங்குகிறது. குறுவையோ சம்பாவோ அறுவடையானதும் ஊர்ப் பொது இடத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கும். நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நெல் அதை மீறும். விவசாயி சாலையோரத்தில் கொட்டிக் காயவைத்துக் காத்திருப்பார். தளர்வு கேட்டு மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு இது. மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கும் கையூட்டும் அதே போல ஆண்டுதோறும் வெளியாகும் செய்தி. வாங்கிய நெல் அரசின் நவீன அரிசி ஆலைகளுக்கும், அரவை முகவர்களான தனியார் ஆலைகளுக்கும் போய்ப் புழுங்கலாகவோ பச்சரிசியாகவோ திரும்புகிறது. மாநிலத்தில் விளைவது போதாதபோது இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து ஆந்திர, தெலங்கானா அரிசி வருகிறது. மாவட்டக் கிடங்கிலிருந்து லாரியில் கடைக்கு வந்து சேரும் மூட்டையில் ஒன்றிரண்டு கிலோ குறைந்திருக்கும் என்பது விற்பனையாளர்களின் நிரந்தரக் குறை. அந்தக் குறைவைத் தராசில் ஈடுகட்டுகிறார்கள் என்பது வாங்குபவர்களின் நிரந்தரக் குறை.

கடை முன் வளர்ந்த பழக்கங்களும் தனி ஆய்வுக்கு உரியவை. விடியலுக்கு முன் பை, கல், மண்ணெண்ணெய்க் கேன் எதையாவது வைத்து வரிசையில் இடம் பிடிப்பார்கள். ஸ்டாக் வந்துவிட்டதா என்ற செய்தி தெருவில் ஒலிபெருக்கி இல்லாமலே பரவும். இன்று பாமாயில் மட்டும், நாளை பருப்பு, சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கரும்பலகை சொல்லும். சாதி வழியே தனித்தனிக் கிணறும் தனித்தனித் தேநீர்க் குவளையும் நிலவிய ஊர்களில், ஒரே தராசில் பொருள் வாங்கும் இடமாக ரேஷன் கடை அமைந்தது. எல்லா ஊரிலும் அப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. ஊர்த்தெருவில் கடை அமைந்து காலனி மக்கள் அங்கே போய் நிற்கத் தயங்கிய இடங்களும் உண்டு. காலனிக்கென்று பகுதிநேரக் கடை கேட்டு மனு கொடுத்த வரலாறும் உண்டு.

கடையைவிடவும் ஆழமாக வேரோடியது அட்டை. யார் யார் ஒரு குடும்பம் என்பதை வருவாய்த்துறையோ நீதிமன்றமோ சொல்வதற்கு முன் ரேஷன் அட்டை சொல்லிவிடும். தனி அட்டைக்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்பது விதி. மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் போனதற்கு அரசாங்க அத்தாட்சி, அடுப்பு இரண்டாகிவிட்டதை ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புக்கொள்வதுதான். ஒரே வீட்டில் தடுப்பு வைத்து இரண்டு அடுப்பு மூட்டி இரண்டு அட்டை வாங்கிய குடும்பங்கள் ஏராளம். புதுமணப் பெண் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கிச் சான்று வாங்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர வேண்டும். அந்தச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கியதே பல பெண்களுக்கு அரசோடு நேர்ந்த முதல் அறிமுகம். பள்ளிச் சேர்க்கை, எரிவாயு இணைப்பு, சாதிச் சான்று, கடவுச்சீட்டு என எதற்கும் அட்டையின் நகல் கேட்கப்பட்ட ஆண்டுகளில், அரிசி வாங்காதவரும் அட்டையைப் பத்திரமாகப் பூட்டி வைத்தார். அவருக்காகவே அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை தரும் சர்க்கரை அட்டையும், எதுவும் வேண்டாம் என்போருக்குப் பண்டகமில்லா அட்டையும் வந்தன. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு மலிவு அரிசி கிடைத்ததும், திருநங்கையர் தங்கள் பெயரில் அட்டை பெற்றதும் இதே ஏற்பாட்டின் கிளைகள். மகனும் மகளும் ஏற்காத ஒருவரை அரசு ஒரு குடும்பமாக ஏற்றுக்கொண்ட முதல் தாள் பல இடங்களில் இந்த அட்டைதான்.

எம்.ஜி.ஆர். காலத்தில் மையப் பிரச்சினை மத்திய தொகுப்பிலிருந்து வரும் அரிசி. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை அவர் விரித்ததால் அரிசித் தேவை கூடியது. அந்த ஆண்டு வறட்சியும் சேர்ந்தது. மத்திய அரசு போதிய அரிசி ஒதுக்கவில்லை என்று 1983 பிப்ரவரியில் முதலமைச்சரே சென்னைக் கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்தார். ரேஷன் அரிசி மாநில உரிமைப் பேச்சின் ஒரு பகுதியானது அப்போதுதான். திராவிடக் கட்சிகள் இரண்டும் எதிரெதிர் மேடைகளில் நின்றபடி அந்தப் பேச்சைப் பேசின.

உண்மையான சோதனை 1997 ஜூனில் வந்தது. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பகுதியாக மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரித்து, கீழே இருப்போருக்கு மட்டும் மலிவு விலை என்ற முறையைக் கொண்டுவந்தது. மேலே இருப்போருக்கான விலை படிப்படியாக ஏறிச் சந்தை விலையை நெருங்கியது. கேரளத்தில் அதுவரை எல்லோருக்குமான ரேஷன் நாட்டிலேயே சிறந்ததெனப் பெயர் பெற்றிருந்தது. பெரும்பாலான குடும்பங்கள் கோட்டுக்கு மேலே தள்ளப்பட்டதும் அங்கே கடைக்கு வருவோர் குறைந்தனர்; விற்பனை இன்றித் தனியார் கடைக்காரர்கள் பலர் தடுமாறினர். தமிழ்நாடு அந்த வறுமைக்கோட்டையே ஏற்கவில்லை. எல்லா அரிசி அட்டைக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டு வித்தியாசத் தொகையை மாநில நிதியிலிருந்து கட்டியது. பொருளாதார அறிஞர்கள் இதை வீண்செலவு என்றார்கள். யாரைச் சேர்ப்பது என்று பிரிக்கப் போனால் விடுபடுவது ஏழைதான் என்ற எதிர்வாதத்துக்குப் பிற மாநிலங்களின் பட்டியல்களே சாட்சியாயின. தகுதி உள்ளவர் பெயர் விடுபட்டு, தகுதியில்லாதவர் பெயர் ஏறிய பட்டியல்கள் அவை. கடையில் குரல் எழுப்பத் தெரிந்த நடுத்தரக் குடும்பம் அதே வரிசையில் நின்றதால் தராசும் கரும்பலகையும் ஓரளவு ஒழுங்காக இருந்தன என்பதும் புறக்கணிக்க முடியாத உண்மை.

ஆனால் தமிழ்நாடும் ஒருமுறை கதவைப் பாதி சாத்திப் பார்த்தது. 2001-இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின் அட்டையில் எச் என்று முத்திரை குத்தி அவர்களை மலிவு அரிசியிலிருந்து விலக்கியது. கௌரவ அட்டை என்று அதற்குப் பெயர். அந்தக் கௌரவத்தை யாரும் விரும்பவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி தோற்றது. தோல்விக்கு அரசு ஊழியர் பணிநீக்கம் முதல் மதமாற்றத் தடைச் சட்டம் வரை பல காரணங்கள் சொல்லப்பட்டன. முடிவு வந்த சில நாட்களிலேயே அரசு திரும்பப் பெற்ற உத்தரவுகளின் வரிசையில் எச் முத்திரையும் இருந்தது. அதன் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் போகவில்லை.

போட்டி எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. 2006 மே மாதம் பதவியேற்பு மேடையிலேயே கருணாநிதி, கிலோ 3 ரூபாய் 50 காசுக்கு விற்ற அரிசியை 2 ரூபாயாகக் குறைக்கும் கோப்பில் கையெழுத்திட்டார். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் அது 1 ரூபாயானது. 2011-இல் ஜெயலலிதா விலையையே எடுத்துவிட்டார். அட்டைக்கு 20 கிலோ வரை இலவசம். இதற்கிடையில் 2007-இல் பருப்பும் பாமாயிலும் சிறப்புத் திட்டத்தின் கீழ் வந்தன. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற விலை பல ஆண்டுகளாக அசையவில்லை. வெளிச்சந்தையில் பருப்பு நூறைத் தாண்டிய மாதங்களில் கடைக்கு முன் கூடிய கூட்டம் அரிசிக்காக வந்ததல்ல.

அரிசியின் தரம் பற்றிய புகார் திட்டத்தின் வயதுக்கு ஈடானது. பழுப்பு நிறம், வாடை, கல், வண்டு. வசதி சற்றே கூடிய வீடு பொன்னியைக் கடையில் வாங்கிச் சோறாக்குகிறது. ரேஷன் அரிசியை இட்லிக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஒதுக்குகிறது. வேண்டாதவர் விற்றுவிடுகிறார், வாங்குவதற்குத் தெருவிலேயே ஆள் உண்டு. அந்த அரிசி பாலிஷ் போடப்பட்டு வாளையாறு வழியாகக் கேரளத்துக்கும், வட எல்லை வழியாக ஆந்திரத்துக்கும் போகிறது. ரயில் பெட்டிகளின் இருக்கைக்கு அடியில் சிறு பைகளாகப் போவதைப் பிடிப்பதற்கென்றே குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. இலவசமாகக் கொடுப்பதால்தான் கடத்தல் என்போர் ஒருபுறம். அதே இலவசத்தால் வாரத்தில் ஏழு நாளும் உலை கொதிக்கும் வீடுகளைச் சுட்டுவோர் மறுபுறம். இரண்டும் ஒரே தெருவில் நடப்பவை. இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொள்வது என்பதே ஆட்சிகள் மாறியும் மாறாமல் தொடரும் நிலைப்பாடு. செலவைப் பார்த்தால் அது கனமான விலை. பட்டினிச் சாவுச் செய்திகள் அருகிப்போனதைப் பார்த்தால் நியாயமான விலை.

2005-இல் அச்சான அட்டைகளின் ஆயுள் 2009-இல் முடிந்தது. புதியது தராமல் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டியே அரசு காலம் கடத்தியது. தாள் மேல் தாள் ஏறி அட்டை தடித்தது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை, எல்லோருக்குமான முறையைக் கைவிடாமலே, மாநிலம் ஏற்றது. மத்திய அரசின் கணக்கில் முன்னுரிமை உள்ளவர், இல்லாதவர் என்று இரு வகையினர் உண்டு. கடையில் இருவருக்கும் அரிசி இலவசம். இல்லாதவருக்கான பணத்தை மாநிலம் கட்டுகிறது. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் அட்டை வந்தது. வாங்காத பொருளை வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும் அப்போதுதான். முன்பு கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்திருந்த கணக்கு இப்போது வீட்டுக்கும் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்க்கரை விலை கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயானது. 2020 முதல் விரல்ரேகை கட்டாயமானபோது, வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளை இயந்திரம் ஏற்க மறுத்தது. முதியவர்கள் இரண்டு மூன்று முறை நடந்தார்கள்.

அரிசிக்கென்று அமைந்த கடை, அரசு வீட்டுக்கு எதைக் கொடுப்பதானாலும் அதற்கான கையாக மாறியது கடந்த பதினைந்து ஆண்டுகளின் மாற்றம். பொங்கலுக்குப் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு ஆகியவற்றுடன் 2019-இல் 1,000 ரூபாயும், தேர்தல் ஆண்டான 2021-இல் 2,500 ரூபாயும் ரொக்கமாகக் கடையிலேயே கொடுக்கப்பட்டன. ரொக்கம் அரிசி அட்டைக்குத்தான் என்பதால் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள விண்ணப்பங்கள் குவிந்தன. ஒருகாலத்தில் அரிசி வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்களும் அதில் இருந்தனர். கொரோனா ஊரடங்கில் நிவாரணத் தொகை கொடுத்ததும் இந்தச் சன்னல்தான். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பங்களை வீடு வீடாகக் கொடுத்தவர்கள் ரேஷன் கடை ஊழியர்கள். குடும்பத்துக்கு ஒரு பெண் என்ற அலகும் அட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் தரும் அத்திட்டம் வருமானமும் நிலமும் மின்நுகர்வும் பார்த்துப் பெண்களைத் தேர்ந்தது. ரேஷன் அரிசியில் கைவிடப்பட்ட பிரிக்கும் முறை ரொக்கத்தில் திரும்பி வந்திருக்கிறது. விடுபட்டவர்களின் மேல்முறையீடுகள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்ததும், அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்டதும், எச் முத்திரைக் காலத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் எதிர்பார்த்ததுதான்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்ற பெயரில், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட முதியவர் மட்டுமே வாழும் வீடுகள் பெருகியதன் விளைவு இது. வண்டியில் எடைத் தராசும் விற்பனை முனையக் கருவியும் ஏற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை தெருத்தெருவாகப் போகும் பொறுப்பு அதே விற்பனையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.